ஹெரால்டு ரேடியோவைப் பிழைக்க வைப்பதா, உள்ளிருப்பதைப் பிடுங்கிவிட்டு எஃப்.எம். வைப்பதா?

பழைய கார் வைத்திருப்பவர்கள் எஞ்சின் வேலை, டிங்கரிங், பெயின்ட், சீட் எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியாக வந்து நிற்கிற இடம் டேஷ்போர்டு நடுவில் ஊமையாக உட்கார்ந்திருக்கும் ரேடியோதான். எங்கள் வீட்டில் இருப்பது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1961-லிருந்து 1971 வரை மெட்ராஸிலேயே தயாரான வண்டி. வாங்கியபோதே அப்பா பொருத்திய டிரான்சிஸ்டர் செட் அதில் இருக்கிறது: இரண்டு குமிழ், நடுவில் ஐந்து பட்டன், மீடியம் வேவ் (எஃப்.எம்.முக்கு முந்தைய ஏ.எம். ஒலிபரப்பு) மட்டும். எஃப்.எம். இல்லாததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை, இந்தியாவில் எஃப்.எம். ஒலிபரப்பே 1977 ஜூலையில் மெட்ராஸில்தான் ஆரம்பித்தது, இந்தச் செட் அதற்கு முந்தியது.

இதை என்ன செய்யலாம் என்று கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எல்லா வழியையும் விசாரித்து, ஒரு கடையில் கொடுத்துச் சூடுபட்டு, இன்னொருவரிடம் கொடுத்துச் சரிசெய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில், பலரும் சொல்வது: "உள்ளே இருப்பதை எடுத்துப் போடுங்க சார், முகப்பையும் குமிழையும் அப்படியே வைத்துப் புது போர்டு ஒன்று போட்டுத் தருகிறேன், எஃப்.எம்., புளூடூத், யு.எஸ்.பி. எல்லாம் வரும்." கேட்க நன்றாக இருக்கும். ஒரே நாளில் வேலை முடியும், சத்தமும் தெளிவாக இருக்கும், செட் வெளிப்பார்வைக்குப் பழையதாகவே இருக்கும். ஆனால் டயலில் ஊசி நகர்வதற்கும் உள்ளே ஸ்டேஷன் மாறுவதற்கும் சம்பந்தமே இருக்காது. பழைய கார் ரேடியோவில் வீட்டு ரேடியோ மாதிரி கேங் கண்டென்சர் (குமிழைத் திருகினால் தகடுகள் சுழன்று ஸ்டேஷன் மாற்றும் பாகம்) பெரும்பாலும் இருக்காது. அதற்குப் பதில் காயிலுக்குள், அதாவது கம்பிச் சுருளுக்குள், ஃபெரைட் என்ற காந்தப் பொருளால் ஆன குச்சிகள் முன்னும் பின்னும் போய்வரும், வண்டி குலுங்கினாலும் ஸ்டேஷன் நகராமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. பட்டனை அழுத்தினால் "டக்" என்று அந்தக் குச்சிகள் மொத்தமும் இன்னொரு இடத்துக்குப் போகும். போர்டு மாற்றும்போது முதலில் குப்பைக்குப் போவது இந்த அமைப்புதான், அது போனபிறகு யாராலும் திரும்பச் செய்து தர முடியாது. செட் ஏற்கெனவே துருப்பிடித்து, காயில் அறுந்து, யாரோ பாதியைக் கழற்றி விற்றுவிட்ட நிலையில் இருந்தால் இந்த வழியில் தாராளமாகப் போங்கள். முழுசாக இருக்கிற செட்டை இப்படிச் செய்வதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

அடுத்தது, அதே செட்டை அதே சர்க்யூட்டோடு பழுது பார்ப்பது. நான் கடைசியில் வந்து சேர்ந்தது இங்கேதான், ஆனால் முதல் முயற்சியில் சொதப்பியது. ஒரு கடையில் கொடுத்தேன். அவர் பெஞ்சில் வைத்து நேராக 12 வோல்ட் கொடுத்தார், அதுவும் பாடி எந்தப் பக்கம் என்று பார்க்காமல். பழைய ஆங்கிலேய வம்சத்து வண்டிகளில் பல பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பிளஸ்தான் பாடியில் இருக்கும். எங்கள் செட்டும் அப்படிப் பொருத்தப்பட்டதுதான். தலைகீழாகக் கொடுத்ததில் ஸ்பீக்கரை இயக்கும் அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விட்டது. அது சிலிக்கானுக்கு முந்தைய ஜெர்மேனியம் வகை, இப்போது எளிதில் கிடைப்பதில்லை. பழைய ஸ்டாக் ஒன்று தேடிப் பிடிக்க ஐந்து மாதம் ஆனது.

அப்புறம் கிடைத்தவர் வால்வு செட் காலத்திலிருந்து வேலை பார்க்கிற பெரியவர். மின்சாரம் கொடுப்பதற்கு முன்னாலேயே மூடியைத் திறந்து அரைமணி நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இண்டிகேட்டரில் போடுகிற 21 வாட் பல்பு ஒன்றைப் பிளஸ் வயரோடு தொடராக இணைத்தார். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், செட் தப்பித்துக்கொள்ளும். மங்கலாக எரிந்தால் மேலே போகலாம். பத்து ரூபாய் பல்பு, அவ்வளவுதான். இதைச் செய்கிறவரா என்று கேட்டுவிட்டு மெக்கானிக்கிடம் செட்டைக் கொடுங்கள், வேறு எந்தச் சான்றிதழும் தேவையில்லை.

அவர் மாற்றியது பெரும்பாலும் எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள், அதாவது உள்ளே திரவம் ஊறிய மின்தேக்கிகள். ஐம்பது வருடத்தில் அவை காய்ந்துபோகும், அதனால்தான் மோட்டார் படகு ஓடுவது போல் "டுப்டுப்டுப்" என்று சத்தம் வருகிறது. எல்லாம் சேர்த்தாலும் சில நூறு ரூபாய்தான், மீதி அவர் கூலி. வால்யூம் குமிழின் கரகரப்பு கிளீனர் தெளித்ததும் போய்விட்டது. புது வால்யூம் கன்ட்ரோல் போடச் சொன்னால் மறுத்துவிடுங்கள், அதே நீளத் தண்டில், சுவிட்சோடு கிடைப்பது குதிரைக் கொம்பு.

ஆனாலும் ஸ்டேஷன் வரவில்லை, வெறும் இரைச்சல். அவர் ஒரு சின்னத் தகர டப்பி மாதிரி இருந்த டிரான்சிஸ்டரைக் காட்டி, "இவனுக்கு நாலு கால் பாருங்க" என்றார். ஏஎஃப்117. 1960-களின் பிலிப்ஸ், மல்லார்டு வகை செட்டுகளில் ஏஎஃப்114 முதல் 117 வரை நிறைய இருக்கும். அந்த டப்பிக்குள் காலப்போக்கில் தலைமுடியை விட மெல்லிய வெள்ளீய இழைகள் முளைத்து, உள்ளே இருக்கும் மற்றக் கால்களை டப்பியோடு இணைத்துவிடும். நான்காவது கால் டப்பியைக் கிரவுண்டோடு இணைக்கும் கால் என்பதால் சிக்னல் முழுக்க அங்கேயே போய்ச் சேரும். அவர் அந்த ஒரு காலை மட்டும் நறுக்கினார். இரைச்சலுக்கு நடுவிலிருந்து 720 கிலோஹெர்ட்ஸில் சென்னை வானொலி பேச ஆரம்பித்தது. அப்பா எழுந்து வந்து பக்கத்தில் நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. எல்லா இழைகளும் ஒரே இடத்தில்தான் தொடும் என்று சொல்ல முடியாது, வெட்டியும் சரியாகாவிட்டால் டிரான்சிஸ்டரையே மாற்ற வேண்டும். ஆனால் முதலில் இதைப் பார்க்காமல் "ஐ.எஃப். (சிக்னலைப் பெருக்கும் பகுதி) போயிடுச்சு, செட்டே வேஸ்ட்" என்று கைவிரித்தால் நம்ப வேண்டாம்.

இந்த வழியின் உண்மையான குறை ஒன்றுதான், அதை மறைக்க மாட்டேன். மீடியம் வேவில் கேட்பதற்கு இருப்பது குறைந்துகொண்டே வருகிறது. அகில இந்திய வானொலி பல ஊர்களில் மீடியம் வேவ் டிரான்ஸ்மிட்டர்களை நிறுத்திவிட்டது. உங்கள் ஊரில் பகலில் எது வருகிறது என்று சாதாரண ரேடியோ ஒன்றை வைத்துப் பார்த்துவிட்டுச் செலவு செய்யுங்கள்.

அதனால்தான் மூன்றாவது வழியைத் தனி வழியாக இல்லாமல், இரண்டாவதோடு சேர்த்துச் செய்யச் சொல்கிறேன்: பழுது பார்த்த செட்டுக்குள்ளேயே வெளியிலிருந்து பாட்டு கொடுக்க ஒரு வயர் இழுப்பது. டிடெக்டரிலிருந்து (அலையிலிருந்து ஒலியைப் பிரிக்கும் பகுதி) வால்யூம் கன்ட்ரோலின் மேல் முனைக்கு வருகிற இடத்தில் சிக்னலைக் கொடுத்தால் போதும். நடுவில் ஒரு கண்டென்சர், ரேடியோவா போனா என்று தேர்ந்தெடுக்க ஒரு சின்ன சுவிட்ச். போனிலிருந்து வரும் இடது, வலது இரண்டையும் நேராக முறுக்கி ஒன்றாக்கக் கூடாது, ஒவ்வொன்றிலும் ஒரு ரெசிஸ்டர் வைத்த பிறகே சேர்க்க வேண்டும், செட் மோனோதானே. எந்தத் துளையும் போட வேண்டாம், எப்போது வேண்டுமானாலும் கழற்றிவிடலாம். அதே ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர், அதே ஸ்பீக்கர் வழியாகப் பழைய பாட்டு வரும்போது இருக்கிற அந்தக் கனிந்த குரல் புது போர்டில் வரவே வராது. புளூடூத் ரிசீவர் வைப்பதானால் உள்ளே பேட்டரி உள்ளதாக வாங்குங்கள், கார் கரண்டிலிருந்து எடுத்தால் கிய்ங் என்ற சத்தமும் சேர்ந்து வரும். பாசிட்டிவ் எர்த் வண்டியில் அது ஷார்ட்டிலும் முடியலாம்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய தோற்றத்தில் புதிதாக வருகிற ரெட்ரோ செட்டுகள், பழைய கார் ரேடியோ கம்பெனியான புளாபுங்க்ட் கூட பிரேமன் என்ற பெயரில் ஒன்று விட்டது, நல்ல செட்டுகள்தான், ஆனால் பெரும்பாலும் நெகட்டிவ் எர்த் வண்டிக்கானவை, குமிழ் இடைவெளி ஒத்துப்போகாவிட்டால் டேஷ்போர்டை வெட்டச் சொல்வார்கள். வெட்டாதீர்கள். சென்னைப் புதுப்பேட்டையின் பழைய வண்டி உதிரிக் கடைகளில் அதே மாடல் இன்னொரு செட் கிடைத்தால், வேலை செய்யாததாக இருந்தாலும் வாங்கிப் போடுங்கள், குமிழுக்கும் ஃபெரைட் குச்சிக்கும் அதைவிட நல்ல உதிரிக் கடை கிடையாது. வெளிநாட்டு நிபுணருக்கு அனுப்புவது ஜெர்மன் பெக்கர் மாதிரி விலை உயர்ந்த செட் வைத்திருப்பவர்களுக்குப் பொருந்தும். நம்மூர் செட்டுக்கு அனுப்புகிற செலவே தாங்காது.

எந்த வழியில் போனாலும் ஸ்பீக்கரைக் கழற்றி வைத்துவிட்டு ஜெர்மேனியம் செட்டை ஆன் செய்யாதீர்கள், அவுட்புட் டிரான்சிஸ்டர் போக அதுவே போதும். செட் திரும்ப வண்டிக்குள் ஏறியதும் ஏரியல் சாக்கெட் பக்கத்தில் ஒரு சின்னத் துளைக்குள் இருக்கும் திருகைத் தேடுங்கள். டயலின் மேல் முனையில், 1400 கிலோஹெர்ட்ஸ் பக்கம், மெலிதாக வருகிற ஸ்டேஷன் ஒன்றைப் பிடித்து, சத்தம் அதிகபட்சம் வரும்வரை அந்தத் திருகை மெல்லத் திருப்புங்கள். மெக்கானிக் பெஞ்சில் செய்தது உங்கள் வண்டி ஏரியலுக்குப் பொருந்தாது, இதை வண்டியில் வைத்துத்தான் செய்ய வேண்டும். அப்போது சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் போன் சார்ஜர் இருந்தால் உருவிவிடுங்கள். எங்கள் வண்டியில் பிளக் வயர், டைனமோ கண்டென்சர் என்று இரண்டு நாள் தேடிய இரைச்சல் கடைசியில் அந்தச் சார்ஜரிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது.