ஆலையில் மெருகேறி வரும் ஓக் மரத்தரை: விலையும் தரமும்

ரொறன்ரோவில் எங்கள் வரவேற்பறைக்கான, முக்கால் அங்குலத் தடிமனுள்ள ரெட் ஓக் பலகைகளைத் தள்ளுபடிக் கிடங்கு ஒன்றில் வாங்கினோம். அலுமினியம் ஆக்சைடு கலந்த மேற்பூச்சு ஆலையிலேயே ஏற்றப்பட்டு வருவதால், உப்புத்தாள் தேய்க்கும் தூசியும் வார்னிஷ் நெடியும் வீட்டுக்குள் இல்லை. ஆனால் பலகைகளின் விளிம்புகள் சற்றே சரித்துச் சீவப்பட்டிருப்பதால், இணைப்புகளில் மெல்லிய பள்ளம் தெரிகிறது, அதில் அழுக்கும் தங்குகிறது. விலை குறைந்ததற்குக் காரணம் மரத்தின் உறுதியன்று, தோற்றத் தரப்பிரிவே: முடிச்சுகளும் நிற வேறுபாடும் மிகுந்த ‘நம்பர் 1 காமன்’ வகை, ‘செலக்ட்’ வகையைவிட மலிவாகக் கிடைக்கிறது. எனக்கோ அந்த முடிச்சுகளும் நிற வேறுபாடும்தான் அழகு. ஹார்ட் மேப்பிள் மரம் இதைவிடக் கடினமானது (மரத்தின் கடினத்தைக் காட்டும் ஜாங்கா அளவில் 1450, ரெட் ஓக் 1290), எனினும் அதில் கீறல் பளிச்சென்று தெரியும். சேதாரத்துக்காக 10 விழுக்காடு கூடுதலாக வாங்கக் கடைக்காரர் சொன்னது நியாயமே. ஆனால் பெட்டிகளில் குட்டைப் பலகைகளே மிகுதியாக இருக்கும் என்பதை அவர் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஆணி, பலகைக்கு அடியில் விரிக்கும் தாள், கூலி அனைத்தையும் கூட்டிய பிறகே விலையை ஒப்பிட வேண்டும். கான்கிரீட் தளமுள்ள பேஸ்மென்டுக்கு இதை வாங்க வேண்டாம். ஈரத்துக்கு நெளியும் ஆபத்து குறைவாக உள்ள, மர அடுக்குகளை ஒட்டிச் செய்த எஞ்சினியர்டு பலகையை அங்கே கேளுங்கள்.