எம்.பி.ஏ.வில் தொழில் தொடங்கப் படிப்பது: முடித்த கையோடு ஒரு விமர்சனம்

தொழில்முனைவை முக்கியப் பாடமாக எடுத்து எம்.பி.ஏ. படிக்கலாமா, கட்டுகிற பணத்துக்குப் பிரயோஜனம் உண்டா என்று திசையன்விளைப் பக்கத்துத் தம்பி தங்கைகள் மூன்று நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட இங்கே எழுதிவிடுகிறேன். கல்லூரி பெயர் வேண்டாம். பாளையங்கோட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் போகிற தூரம், அவ்வளவு போதும்.

மூன்றாவது செமஸ்டரில் புதிய தொழில் உருவாக்கம் என்று ஒரு பாடம் வரும். இரண்டு வருடத்தில் எனக்கு உண்மையாகவே உதவியது அந்த ஒரு பாடம்தான், அதிலும் முதல் ஆறு வாரம். அதை எடுத்த மேடம், திட்ட அறிக்கை எழுத உட்காரும் முன்னால் முப்பது பேரிடம் பேசிவிட்டு வரச் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை: "இப்படி ஒரு பொருள் வந்தால் வாங்குவீர்களா?" என்று மட்டும் கேட்கக் கூடாது. அப்படிக் கேட்டால் நம் ஊரில் யாரும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல மாட்டார்கள். கடைசியாக எப்போது வாங்கினீர்கள், எங்கே, எவ்வளவு, வாங்கிக்கொண்டு போய் என்ன செய்தீர்கள், இதைத்தான் கேட்கணும்.

எங்கள் குழுவில் நான்கு பேர். என் தாய்மாமா கருப்பட்டி வியாபாரம் செய்வதால் அதையே எடுத்துக்கொண்டோம். சீனி கலந்த கருப்பட்டிதான் எங்கேயும் கிடைக்கிறது, அதனால் சுத்தமான சரக்குக்கு ஜனங்கள் ஏங்கிக் கிடக்கிறார்கள் என்று நாங்களாகவே முடிவு கட்டியிருந்தோம். பாளை மார்க்கெட் வாசலில் ஒரு ஆச்சியை நிறுத்திக் கேட்டதும் அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. "வாங்காம என்னய்யா, போன மாசந்தான் ஒரு கிலோ வாங்குனேன். உடைக்கதுக்குத்தான் வீட்ல ஆளில்ல" என்றார். துணியில் சுற்றி அம்மிக் குழவியால் தட்டினால் சில்லு சில்லாகத் தெறிக்கிறதாம், ஐப்பசி மழையில் கசிந்து டப்பாவோடு ஒட்டிக்கொள்கிறதாம், கத்தியால் சுரண்டி எடுக்கப் போய்க் கையைக் கிழித்துக்கொண்டதாகக் காட்டினார். அன்று ராத்திரி நோட்டை எடுத்துவைத்துப் பார்த்தால், பேசியவர்களில் பாதிக்கு மேல் உடைக்கிற பாட்டைத்தான் சொல்லியிருந்தார்கள். சுத்தத்தைப் பற்றி ரொம்பக் கொஞ்சம் பேர்தான் பேசினார்கள். அவர்களுக்கு ஏற்கெனவே நம்பிக்கையான கடை ஒன்று இருக்கிறது, அங்கேதான் வாங்குகிறார்கள்.

சரி, நாமே உடைத்துப் பாக்கெட் போட்டு விற்கலாம் என்று மாமாவிடம் போனோம். அவர் கருப்பட்டிப் பாகு ஊற்றுகிற சிரட்டையைக் கையில் எடுத்துக் காட்டி, "மருமவனே, சின்ன அச்சுல ஊத்தினா முடிஞ்சுது, உடைக்க வேண்டிய சோலியே இல்லையே" என்றார். ஒரு தம்ளர் காப்பிக்கு ஒரு துண்டு என்ற கணக்கில் மர அச்சு செய்தோம். முதல் ஊற்றில் பாகு அச்சோடு பிடித்துக்கொண்டது. அச்சை முன்கூட்டியே தண்ணீரில் ஊறப்போட வேண்டும் என்று மாமாதான் சொல்லித்தந்தார், அடுத்த ஊற்றில் ஒன்றுகூட ஒட்டாமல் அழகாகக் கழன்று விழுந்தது. இருபது கிலோவுக்கு மேல் தர மாட்டேன் என்றும் கறாராகச் சொல்லிவிட்டார். "இது போனா தண்ணியில போட்டதா நெனைச்சுக்கிடுவேன், அதுக்கு மேல வேண்டாம்."

அப்புறம் வகுப்பில், தொழில்முனைவு ஆராய்ச்சியாளர் சரஸ் சரஸ்வதியின் ஆய்வு வந்தது. அனுபவமுள்ள 27 தொழில்முனைவோரிடம் ஒரே மாதிரியான தொழில் சிக்கல்களைக் கொடுத்து, அவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று பதிவு செய்தவர். 2001இல் வந்த அவருடைய கட்டுரை, லாபம் எவ்வளவு வரும் என்று கணிப்பதற்குப் பதிலாக, எவ்வளவு போனால் தாங்கும் என்று முதலில் பார்ப்பதைப் பேசுகிறது, கையில் இருப்பதை வைத்துத் தொடங்குவதையும் பேசுகிறது. எனக்கு மாமாவின் குரலே காதில் விழுந்தது. பாடம் என்றால் இப்படித்தான் ஒட்டவேண்டும். அமெரிக்க உளவியலாளர் டேவிட் மெக்லேலண்ட் 1960களில் காக்கிநாடாவுக்கு வந்து வியாபாரிகளுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்ததையும் இதே மேடம்தான் சொன்னார். தொழில் மனப்பான்மையைப் பயிற்சியால் வளர்க்க முடியுமா என்ற கேள்வியை நம் பக்கத்து மாநிலத்து ஊர் ஒன்றில் வைத்துச் சோதித்திருக்கிறார்கள் என்பது எனக்குப் பெரிய செய்தி.

இனி குறைகள். மதிப்பெண்ணில் பெரும்பகுதி அறிக்கைக்கும் ஐந்து வருட வரவு செலவு கணிப்புக்கும் போகிறது. இருபது கிலோகூட விற்றிராத நாங்கள் ஐந்தாம் வருட லாபத்தை எக்செல்லில் இழுத்து நிரப்பினோம். பக்கத்துக் குழு ஒருவரிடமும் பேசாமல் எழுதிய அறிக்கைக்கு எங்களைவிட அதிக மதிப்பெண் வந்தது, எங்கள் ஆச்சி இருந்த நோட்டை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. எனக்கு அது இன்றும் வருத்தம்தான். வகுப்பில் அலசிய உதாரணங்கள் எல்லாமே அமெரிக்க ஆப் கம்பெனிகள். பத்தமடைப் பாய் பஸ்ஸில் போகிற தூரத்தில் இருக்கிறது, கல்லிடைக்குறிச்சி அப்பளம் இருக்கிறது, அதில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. புதிய தொழில்களுக்கு உதவுகிற மாநில அரசு அமைப்பான ஸ்டார்ட்அப் டிஎன்னின் வட்டார மையம் திருநெல்வேலியிலேயே இருந்தும் ஒருநாள்கூடக் கூட்டிப்போகவில்லை. மாணவர்கள் தொடங்குகிற தொழிலை வளர்த்தெடுக்க என்று இருக்கிற கல்லூரியின் இன்குபேஷன் அறைச் சாவி ஆபீசில் இருக்கும், ஆய்வுக் குழு வருகிற அன்றைக்கு மட்டும் திறப்பார்கள்.

மாநில அரசின் நீட்ஸ் திட்டம் பட்டம், டிப்ளமோ, ஐடிஐ போன்ற படிப்பு முடித்த முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கானது, 25 சதவீத முதலீட்டு மானியமும் 3 சதவீத வட்டி மானியமும் உண்டு. இது எனக்கு மாவட்டத் தொழில் மையத்துக்கு நானாகப் போனபோதுதான் தெரியும். தொழில் தொடங்கவென்றே படிக்கிற வகுப்பில் இதை ஒரு மணிநேரம் சொல்லியிருக்கலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை, கடன் வியாபாரத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லாதது. மூன்று கடைகளில் சரக்கு போட்டோம். சரக்கு தீர்ந்துபோனது, காசு வரவில்லை. "அடுத்த வாரம் வாங்க தம்பி" என்றே இரண்டு மாதம் ஓடியது. 2006ஆம் வருடச் சிறு குறு தொழில் சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை இழுக்கக் கூடாது. அதைப் பரீட்சைக்குப் படித்தோம். ஆனால் அடுத்த லோடும் அதே கடைக்காரர்தான் வாங்க வேண்டும் என்ற நிலையில் சட்டத்தை எப்படி எடுப்பது, பேச்சை எப்படித் தொடங்குவது என்று சொல்லித்தர ஆளில்லை. ஒரு கடையில் மாமா வந்து உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு, பொறுமையாகப் பேசித்தான் வாங்கிக்கொடுத்தார்.

வீட்டில் ஏற்கெனவே ஒரு வியாபாரம், இல்லை கைத்தொழில் இருந்து, அதைப் பெரிதாக்க நினைப்பவர்கள் தாராளமாகச் சேரலாம். யோசனை அங்கே போய்க் கிடைக்கும் என்று நம்பிச் சேர வேண்டாம். சேரும் முன் அந்தக் கல்லூரியில் இரண்டாம் வருடம் படிப்பவர் ஒருவரைப் பிடித்து, இந்தப் பாடத்தை யார் எடுக்கிறார், வகுப்பைவிட்டு வெளியே எத்தனை நாள் அனுப்பினார்கள் என்று கேளுங்கள். எங்களுக்கு எடுத்த மேடம் இந்த வருடம் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார்.