புறாமலைக்குப் பிள்ளைகளோடு: நிலாவெளிப் படகுப் பயணம் எப்படி?

திருகோணமலைக்குக் குடும்பத்தோடு வருகிறவர்கள் பெரும்பாலும் தவறவிடாத ஒன்று, நிலாவெளியிலிருந்து புறாமலைக்குப் போய்வரும் படகுப் பயணம். கரைக்கும் தீவுக்கும் இடையில் ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர்தான். என்ஜின் படகில் பத்துப் பதினைந்து நிமிடத்தில் இறங்கிவிடலாம். நல்ல பயணமா என்றால், நல்ல பயணம்தான். ஆனால் எந்த மாதம், எத்தனை மணிக்கு, யாருடைய படகில், என்ன உடுத்திக்கொண்டு போகிறீர்கள் என்பதைப் பொறுத்து அது பிள்ளைகளுக்கு ஆயுசுக்கும் மறக்காத காலையாகவும் அமையும், முருகைக்கல்லுக்கு (பவளப்பாறைக்கு) வினையாகவும் முடியும்.

தீவு மிகச் சிறியது. பெரிய புறாமலையே 200 மீற்றர் நீளமும் 100 மீற்றர் அகலமும்தான். அதைச் சுற்றி முருகைக்கல் வேலி போட்டதுபோல் வளர்ந்திருக்கிறது. 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசிய பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட இடம் இது. திருகோணமலைப் பக்கத்துக் கடலில் பதிவான 100 வகை முருகைகளிலும் 300 வகை மீன்களிலும் பெரும்பகுதி இங்கே இருக்கிறது. இவ்வளவும் இத்தனை சிறிய இடத்தில், அதுவும் இடுப்பளவுத் தண்ணீரிலேயே தொடங்குகிறது. பிள்ளைகளுக்கு அது பெரிய வசதி. முருகைக்கு அதுவே ஆபத்து, ஏனென்றால் நீந்தத் தெரியாதவர் கால் ஊன்றத் தேடும் ஆழமும் அதுதான்.

பணம் எங்கே போகிறது என்பதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. அனுமதிச்சீட்டுக் கட்டணம் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு. ஆளுக்கொரு தொகையோடு, குழுவுக்கான சேவைக் கட்டணமும் வரியும் சேரும். வெளிநாட்டுக் கடவுச்சீட்டில் வரும் உறவினருக்கு வெளிநாட்டவர் கட்டணம்தான். லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் வருகிறவர்கள் கருமபீடத்தில் நின்று திகைப்பது இதனால்தான். தேசிய அடையாள அட்டை இருப்பவர் அதைக் கையோடு கொண்டுபோக வேண்டும். படகுக் கட்டணம் வேறு. அது தலைக்கு அல்ல, படகுக்கு. ஆகவே இரண்டு குடும்பம் சேர்ந்து ஒரு படகு எடுத்தால் செலவும் குறையும், தீவைச் சுற்றி உறுமும் என்ஜினும் ஒன்று குறையும்.

கிராமத்துக்கு நேரடியாகப் போய்ச் சேருவது இந்தப் படகுக் காசுதான். தங்குமிடம் வழியாகப் பதிவு செய்தால் இடையில் ஒரு பங்கு கழியும். கரைக்கு நீங்களே போய், படகுக்காரரோடு நேரே பேசி, போய்வரும் நேரம், காத்திருப்பு, மாஸ்க் வாடகை, உயிர்காப்பு அங்கி எல்லாம் அந்தத் தொகைக்குள் அடங்குமா என்று ஏறுவதற்கு முன்னரே தீர்த்துக்கொள்ளுங்கள். விலையைப் போட்டு நசுக்காதீர்கள். பேரம் பேசிப் பாதியாக்கிய படகு, அடுத்த சவாரியைப் பிடிக்க உங்களை அவசரப்படுத்தும். ஆழமில்லாத இடத்திலும் வேகம் குறைக்காமல் வரும். சின்னப்பிள்ளை அளவு அங்கி இருக்கிறதா என்று கேட்டு, போட்டும் பாருங்கள். தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கும்போது அங்கி காதுவரை ஏறினால் அது அந்தப் பிள்ளைக்குப் பெரிது.

மே முதல் செப்ரெம்பர் வரை நல்ல காலம். வாடைக் காற்றுத் தொடங்கியபின் கடல் கொந்தளிக்கும். தண்ணீரும் கலங்கலாகிவிடும், போய்ப் பயனில்லை. நல்ல காலத்திலும் கச்சான் காற்றைக் கவனிக்க வேண்டும். அது தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் நிலாவெளிக் கரையோரம் குளம்போல் அமைதியாகத் தெரியும். ஆனால் காற்றடைத்த வளையம், மெத்தை போன்றவற்றில் பிள்ளையை ஏற்றிவிட்டால், சத்தமில்லாமல் வெளிக்கடலுக்குத் தள்ளிக்கொண்டு போய்விடும். அவற்றை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். வார நாளில், வாயில் திறந்தவுடன் போகும் முதற் படகுகளில் ஒன்றைப் பிடியுங்கள். சனி, ஞாயிறும் பாடசாலை விடுமுறையும் என்றால் சிறு மணற்பரப்பில் நிற்கவே இடமிராது, மண் கிளம்பித் தண்ணீரும் மங்கிவிடும்.

உடுப்பில்தான் பாதிக் காரியம் இருக்கிறது. முழுக்கை நீச்சல் சட்டை அல்லது உடம்போடு ஒட்டிய பழைய முழுக்கை ரீசேட், முழங்கால்வரை காற்சட்டை, கழுத்தை மூடும் தொப்பி இருந்தால் சன் க்ரீம் பூச வேண்டிய இடம் முகமும் புறங்கையும் முழங்காலுக்குக் கீழும் மட்டுமே. வாங்கும்போது ஒக்சிபென்சோன், ஒக்டினொக்சேற் இரண்டும் இல்லாததாகப் பாருங்கள். முருகைக்குக் கேடு என்பதால் இவை கலந்த களிம்புகளின் விற்பனையை ஹவாய் 2021 முதல் நிறுத்திவிட்டது. சிங்க் ஒக்சைட்டு உள்ளவை பரவாயில்லை. எதுவானாலும் இறங்குவதற்கு அரைமணி நேரம் முன்னரே பூச வேண்டும். கரையில் நின்று பூசிக்கொண்டு உடனே குதித்தால் பாதி கடலில்தான். காலுக்குப் பின்வார் உள்ள ரப்பர்ச் செருப்பு வேண்டும். கரை முழுக்க உடைந்த முருகைத் துண்டுகள் கூர்கூராகக் கிடக்கின்றன. பாறை இடுக்குகளில் நீளக் கறுப்பு முள்ளுள்ள கடல் முள்ளெலியும் இருக்கும்.

மாஸ்க் வாடகைக்கு எடுக்கையில் வாரைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை உள்ளிழுக்கச் சொல்லுங்கள். கையை விட்டாலும் ஒட்டிக்கொண்டு நின்றால் அளவு சரி. தண்ணீர் உள்ளே வருகிறது என்று பிள்ளை அழுவதற்குப் பெரும்பாலும் காரணம், ரப்பர் விளிம்புக்குள் சிக்கிய தலைமயிர். வாரை இன்னும் இறுக்கினால் கசிவு கூடுமே தவிரக் குறையாது. காலில் மாட்டும் நீச்சல் துடுப்பான ஃபின்ஸ் பிள்ளைகளுக்கு வேண்டாம். ஆழமில்லாத இடத்தில் அதை அணிந்து உதைப்பதே கிளை முருகைகளை முறிக்கிறது, மணலைக் கிளப்பி முருகையின் மேல் போடுகிறது. அங்கியோடு குப்புற மிதந்து, முகத்தை மட்டும் தண்ணீரில் வைத்தால் போதும். இந்தப் பழக்கத்தை நிலாவெளிக் கரையின் வெறும் மணலில் முதல்நாள் அரைமணி நேரம் செய்துவிட்டால், தீவில் பயந்துபோய் முருகையின் மேல் ஏறி நிற்கும் நிலை வராது. களைத்தால் எழும்பி நிற்பதல்ல, மல்லாந்து மிதப்பதே வழி என்று கரையிலேயே சொல்லி வையுங்கள்.

ஒரு மிதி என்ன செய்துவிடும் என்று நினைக்கலாம். மான்கொம்பு போன்ற கிளை முருகை நல்ல சூழலில் ஆண்டுக்குப் பத்துச் சென்ரிமீற்றர் அளவில் வளரக்கூடியது. பாறைபோல் உருண்டு திரண்ட வகையோ ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர்தான். பிள்ளையின் உயரம் உள்ள ஓர் உருண்டை, பாட்டாவுக்கும் மூத்தது. இந்த முருகைகள் ஏற்கெனவே அடிபட்டவை. 1970களில் முள்முடி நட்சத்திரமீன் தின்றது. பிறகு சுனாமி. 2016இல் கடல் சூடேறி நாட்டின் பல முருகைத் திட்டுகள் வெளுத்தன. தண்ணீர் வழக்கத்தைவிட ஒன்றிரண்டு பாகை கூடிச் சில வாரம் நின்றாலே, முருகைக்கு உணவும் நிறமும் தரும் நுண்பாசி வெளியேறி எலும்பு வெள்ளையாகத் தெரியத் தொடங்கிவிடும். அப்படி வெளுத்தது இறந்ததல்ல. சூடு தணிந்தால் சில மீளும். மீளப் போராடுகிற அந்த நேரத்தில் விழும் மிதிதான் அதை முடித்துவிடுகிறது.

படகுக்காரர்கள் ‘கோரல் பக்கம்’, ‘சுறாப் பக்கம்’ என்று சொல்வார்கள். சுறா என்றதும் தாய்மார் பதறத் தேவையில்லை. முதுகுத் துடுப்பின் நுனி கறுத்த சிறிய சுறா அது; மனிதரைக் கண்டால் விலகிப் போகும் இனம். துரத்தாமல், சுற்றி வளைக்காமல், இரை போடாமல் ஒரே இடத்தில் மிதந்தால் தானாகவே பக்கத்தில் வந்து திரும்பும். பாண் துண்டு போட்டு மீன் கூட்டுகிற படகுக்காரரிடம் வேண்டாம் என்று தன்மையாகச் சொல்லுங்கள். பாசியை மேய்ந்து முருகைக்கு இடம் விட்டுக்கொடுக்கிற மீன்கள் பாணுக்குப் பழகினால் அந்த வேலை கெடும்.

கரையில் கிடக்கும் வெள்ளைத் துண்டுகளைப் பிள்ளைகள் பையில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். செத்த முருகையானாலும் தேசிய பூங்காவிலிருந்து எதையும் எடுத்துவருவது குற்றம். தீவில் கடை இல்லை. ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீரை எவர்சில்வர்ப் போத்தலில் கொண்டுபோங்கள். பிஸ்கட்டை உறையைக் கழற்றி டப்பாவில் போடுங்கள். மத்தியானச் சாப்பாட்டைத் தீவுக்குக் கொண்டுபோகாமல், திரும்பி வந்து நிலாவெளியில் வீட்டுச் சமையல் செய்கிற கடையில் சாப்பிடுவதே மேல். முதல்நாளே சொல்லிவைத்தால் அன்றன்று கரைவலையில் பட்ட மீன் கிடைக்கும், ஊருக்கும் வருமானம். சாப்பாடு சுற்றும் பொலித்தீன் லன்ச் சீட் 2017 முதல் தடை, வாழையிலை கேளுங்கள்.

பிள்ளைகள் கையால் களப்போரம் வளரும் கண்டல் மரக்கன்று நடலாம் என்று எங்காவது அழைத்தால், காசு கொடுக்குமுன் கொஞ்சம் விசாரிக்க வேண்டும். இலங்கையில் கண்டல் நடப்பட்ட 23 திட்ட இடங்களைப் பின்னாளில் ஆராய்ந்தபோது 9 இடங்களில் ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை. எந்நேரமும் தண்ணீர் நிற்கும் தாழ்ந்த சேற்றில் நட்டது, எல்லா இடத்துக்கும் ஒரே இனத்தை நட்டது, கொட்டலசு என்ற சிறு ஓட்டுயிர் ஒட்டிக் கன்று சாய்ந்தது, மாடு கடித்தது, நட்டவர் திரும்பிப் பார்க்காதது என்று காரணங்கள் பல. ஆகவே இந்த இடத்தில் முன்பு கண்டல் இருந்ததா, போன ஆண்டு நட்டதில் எத்தனை நிற்கிறது, மாட்டுக்கு வேலி உண்டா, ஆறு மாதம் கழித்துப் பார்க்கப்போவது யார் என்று கேளுங்கள். போன ஆண்டுக் கன்றைக் காட்டக்கூடியவர்களுக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். நூறு புதுக்கன்று நடுவதைவிட, களப்போரத்தில் ஏற்கெனவே நிற்கிற கன்றுகளில் சிக்கிய வலைத்துண்டையும் பொலித்தீனையும் எடுப்பது பிள்ளைகளுக்கும் ஏற்ற வேலை, களப்புக்கும் உடனே உதவும்.

ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் புறாமலையைத் தள்ளிப்போடுங்கள். நிழல் குறைவு, பாறை கொதிக்கும், பெரியவர் ஒருவர் கரையிலேயே முடங்க வேண்டும். திருகோணமலையில் திமிங்கிலம் பார்க்கப் போகும் படகும் அந்த வயதுக்கு நீளமான பயணம். பெரிய பிள்ளைகளோடு அதில் போவதென்றால், திமிங்கிலத்துக்கு 100 மீற்றருக்குக் கிட்டப் போக மாட்டேன் என்று முன்கூட்டியே சொல்லும் படகுக்காரரைத் தேர்ந்தெடுங்கள். துறைமுக வாயருகே கடலடி சட்டென்று ஆழமாவதால், மார்ச், ஏப்ரலில் நீலத்திமிங்கிலம் கரைக்கு வெகு அருகே வரும். கோணேசர் கோயில் குன்றின் மேலிருந்தே சில நாட்களில் அதன் மூச்சுத் தாரை தெரியும். அதற்குப் படகும் வேண்டாம், எரிபொருளும் வேண்டாம். குன்று கிழக்கைப் பார்ப்பதால் காலையில் கடற்பரப்பு கண்ணைக் கூசும். பூசை நேரத்தை விசாரித்து, வெயில் முதுகுப் பக்கம் திரும்பும் பின்னேரத்தில், எட்டு மடங்கு தொலைநோக்கி ஒன்றோடு போங்கள்.