எழுதி வைத்த வாசகமா, ஆளுக்கேற்ற பேச்சா?

ஐபிஎஸ் (IBS) எனப்படும் எரிச்சல் குடல் கோளாறுக்கு ஹிப்னோதெரபி, அதாவது ஆழ்ந்த தளர்வு நிலையில் பேசித் தரும் சிகிச்சை, கொடுப்பவர்கள் முன்னால் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ஒலாஃபுர் பால்சன் உருவாக்கிய வட கரோலைனா முறை. மொத்தம் 7 அமர்வுகள். என்ன பேசவேண்டும் என்பது வரிக்கு வரி எழுதியே இருக்கும். இன்னொன்று மான்செஸ்டர் முறை. பீட்டர் வோர்வெல் குழு 30 நோயாளிகளிடம் சோதித்து 1984-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வில் தொடங்கியது. அதில் எதிரே இருப்பவருக்கேற்பப் பேச்சு மாறும். இரண்டுக்கும் பலன் காட்டிய ஆய்வுகள் உண்டு. முதலாவதில் பழகி, இப்போது இரண்டாவதில் நிலைத்திருக்கிறேன்.

எழுதிய வாசகம் புதியவர்களுக்குப் பெரிய பிடிமானம். யார் பேசினாலும் தரம் மாறாது. அதில் சந்தேகமே இல்லை.

எனக்குத் தீர்மானமாக அமைந்தது வீட்டுப் பயிற்சி. அமர்வில் பேசுவதைவிட, அந்தப் பேச்சின் ஒலிப்பதிவை நோயாளிகள் வீட்டில் தாங்களாகவே போட்டுக் கேட்கும் நேரம்தான் அதிகம். அங்கே நாம் பக்கத்தில் இல்லை. சொற்கள் மனதில் ஒட்டாவிட்டால் ஒரு வாரத்தில் கேட்பதை விட்டுவிடுவார்கள், பலனும் அதோடு நின்றுவிடும்.

ஒரு அம்மாவிடம், "குடலை அமைதியாக ஓடும் ஆறாக நினைத்துப் பாருங்கள்" என்றேன். "படம் ஒண்ணும் வரலைங்க மேடம். ஆனா வயித்துமேல வச்ச கை மட்டும் கதகதன்னு இருக்கு" என்றார். அதன்பிறகு ஆற்றை விட்டுவிட்டு, அந்தச் சூடு உள்ளங்கையிலிருந்து மெல்ல வயிற்றுக்குள் இறங்குவதாகவே பேசினேன். பதிவிலும் அதுதான். அதை அவர் விடாமல் கேட்டார்.

எல்லாவற்றையும் தன் கையில் வைத்துக்கொள்ள நினைப்பவரிடம் "வயிறு இப்போது தளர்கிறது" என்றால் உள்ளுக்குள் முரண்டு பிடிப்பார். "தளர்ந்தால் தளரட்டும், அவசரமில்லை" என்றால் இறங்கி வருவார். சிலருக்கு நேர் எதிர். உறுதியாகச் சொன்னால்தான் நம்பிக்கை வரும். இதைக் கண்டுபிடிக்க, கண் எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து "இவர் காட்சி ஆள், இவர் ஒலி ஆள்" என முத்திரை குத்தும் என்எல்பி (நியூரோ லிங்குவிஸ்டிக் புரோகிராமிங்) வழியை நான் தொடுவதில்லை. ஆய்வுகள் அதை ஆதரிக்கவில்லை. நேராகக் கேட்டாலே போதும்: சொன்னபோது என்ன வந்தது, எது உறுத்தியது?

குழந்தைகளிடம் எனக்கு அனுபவம் குறைவு. அங்கே எது மேல் என்று சொல்லமாட்டேன். புதிதாகத் தொடங்குபவர் வாசகத்தையே கையில் எடுக்கலாம். ஆனால் பதிவு கொடுக்கும் முன் அந்த இரண்டு கேள்விகளையும் கேட்டு, உறுத்தும் வரிகளை மாற்றிவிடுங்கள்.