"தனியாக வருகிறீர்களா? துணைக்கு நாங்கள் இருக்கிறோம்" – இந்த விளம்பரத்தை நம்பிப் போனவனின் பதிவு

பனிச்சறுக்குக்குத் தனியாகப் போக நினைப்பவர்கள் முன்பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

நண்பர்கள் யாருக்கும் இதில் நாட்டமில்லை. அதனால் பிரெஞ்சு ஆல்ப்ஸில் ஒரு வாரத்துக்குத் தனியாகவே பேக்கேஜ் எடுத்தேன். பேக்கேஜ் நிறுவனம் சொன்னது இரண்டு: தனி ஆளுக்குக் கூடுதல் கட்டணம் கிடையாது, தினமும் நம் திறமைக்கேற்ற குழுவோடு, வழிகாட்டியுடன் சறுக்கலாம்.

போய் இறங்கினால் என் அறையில் இன்னொருவர் பெட்டி. கூடுதல் கட்டணம் இல்லையென்றால், முன்பின் தெரியாதவரோடு அறையைப் பங்கிட வேண்டுமாம். நிபந்தனைகளில் பொடி எழுத்தில் போட்டிருந்தது. வந்தவர் தங்கமான மனிதர், குறட்டை மட்டும்தான் கேடு. அதைக்கூட விட்டுவிடலாம்.

விட முடியாதது அந்த "வழிகாட்டி". நிறுவனத்தின் ஜாக்கெட் போட்ட ஒரு பையன், அவ்வளவுதான். பிரான்ஸில் சம்பளத்துக்குப் பனிச்சறுக்கு சொல்லிக்கொடுக்க அரசு ஏற்ற தகுதி வேண்டும். அவனிடம் அது இல்லை. எங்கள் குழுவில் ஒன்பது பேர். போன வருடம்தான் கற்றவரும் இருந்தார், சிறுவயதிலிருந்து சறுக்குபவரும் இருந்தார். நான் நீலப் பாதை ஆள், அதாவது எளிதான சரிவுகள்தான் எனக்குப் பழக்கம். இரண்டாம் நாள் மதியம் எல்லோரையும் அதைவிடக் கடினமான சிவப்புப் பாதைக்குக் கூட்டிப் போனான். பாதை பிரியும் ஓரிடத்தில் நான் பின்தங்கினேன். யாரும் நிற்கவில்லை.

அதற்குள் மேகம் இறங்கிவிட்டது. அந்த வெளிச்சத்தில் மேடும் தெரியாது, பள்ளமும் தெரியாது. முன்னால் போனவர்களின் தடம் என்று நம்பி ஒரு தடத்தைப் பிடித்துப் போனேன். பாதையின் ஓரத்தைக் காட்டும் கம்பங்களையே காணோம் என்று உறைத்தபோது முழங்கால் வரை பனி. பக்கத்தில் மரங்கள். மரத்தடியில் பனி இறுகாமல் குழியாக இருக்கும். தலைகீழாக விழுந்தால் தானாக எழுவது கடினம், பார்க்கவும் ஆளில்லை. பலகைகளைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்த வழியே ஏறினேன். நாள் முடிவில் பாதையை மூடிக்கொண்டு வந்த ரோந்துக்காரர்தான் என்னைக் கீழே சேர்த்தார். அந்நாட்டில் பாதையின் வலப்பக்கக் கம்பங்களின் உச்சி மட்டும் ஆரஞ்சு நிறம் என்று அவர் சொல்லித்தான் தெரியும். ஜாக்கெட் பையன் அதைச் சொல்லவே இல்லை.

புகார் கொடுத்தேன். "அவர் வழிகாட்டி இல்லை, உடன் வருபவர்" என்று பதில் வந்தது. பணம் வரவில்லை.

மீதி நாட்களுக்கு அங்கிருந்த சறுக்குப் பள்ளியில் காலை வகுப்பில் சேர்ந்தேன். வாரத் தொடக்கத்திலேயே சேர்ந்திருக்க வேண்டும், நடுவில் இடம் கிடைத்தது அதிர்ஷ்டம். சறுக்க வைத்துப் பார்த்துத்தான் குழு பிரிக்கிறார்கள். என்னைப்போல் தனியாக வந்த இருவர் கிடைத்தார்கள், மதியமும் சேர்ந்தே சுற்றினோம். அவர்கள் வராத நாளில் மலைமேல் ஏற்றிவிடும் இருக்கை லிஃப்டில் தனி ஆட்களுக்கான வரிசை கைகொடுத்தது. காலி இருக்கையில் ஏற்றிவிடுவார்கள், கூட்டத்தில் நிற்க வேண்டாம்.

எனவே அறையை மட்டும் பேக்கேஜில் எடுங்கள், வகுப்பைப் பள்ளியிடமே நேரடியாகப் பதியுங்கள். "குழுவை நடத்துபவரின் தகுதி என்ன, ஆள் பின்தங்கினால் யார் நிற்பார்?" என்று எழுத்தில் கேளுங்கள். குறியிட்ட பாதைக்கு வெளியே நேரும் விபத்தைப் பல காப்பீடுகள் ஏற்காது, அதையும் பாருங்கள். ரோந்து எண்ணையும் ஐரோப்பிய அவசர உதவி எண்ணான 112-ஐயும் போனில் ஏற்றி, போனை உள்பையில் வையுங்கள். குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கிவிடும். அன்று என் போன் அப்படித்தான் அணைந்துபோனது.