ஹீத்கிளிஃப், ஃபிராங்கன்ஸ்டைனின் படைப்பு: எவன் துயரத்தை அவன் கொடுமைக்குச் சாக்காக எவ்வளவு ஏற்கலாம்?

மேரி ஷெல்லியின் 1818 நாவலான 'ஃபிராங்கன்ஸ்டைனில்', ஓர் உயிரைப் படைத்த விக்டர் ஃபிராங்கன்ஸ்டைனே அதைக் கண்டு ஓடிவிடுகிறான். ஆற்றில் மூழ்கிய சிறுமியைக் காப்பாற்றியதற்கு அந்தப் படைப்புக்குக் கிடைத்தது துப்பாக்கிக் குண்டு. மனம் இளகத்தான் செய்கிறது. ஆனால் விக்டரின் தம்பி, சிறுவன் வில்லியமின் கழுத்தை நெரித்துவிட்டு, அவனிடமிருந்த சிறு படத்தைத் தூங்கும் பணிப்பெண் ஜஸ்டினின் உடைக்குள் செருகுகிறதே, அது ஆத்திரமல்ல, திட்டம். நிரபராதியான அவள் தூக்கிலேறினாள்.

1847-இல் வெளிவந்த எமிலி பிராண்டேயின் 'வுதரிங் ஹைட்ஸ்' நாவலில் வரும் ஹீத்கிளிஃப் இன்னும் மோசம். தன்னை எடுத்து வளர்த்தவரின் மகனும், பின்னர் தன்னை வேலைக்காரனாக்கியவனுமான ஹிண்ட்லி செத்த பிறகும் விடவில்லை. அவன் மகன் ஹேர்ட்டனை எழுதப் படிக்கத் தெரியாமல் வளர்க்கிறான். தான் பட்ட அவமானத்தைத் தெரிந்தே ஒரு குழந்தைக்கு அளந்து கொடுக்கிறான்.

படைப்பாவது விக்டரின் சடலத்தருகே நின்று தன்னையே வெறுக்கிறது. ஹீத்கிளிஃபோ, எதற்கும் வருந்தவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் சாகிறான்.