பெவாசிசுமாப்: வீக்கத்தை வடிக்கும், ஆயுளை நீட்டுமா?

கிளியோபிளாஸ்டோமா என்னும் கொடிய மூளைக் கட்டி சிகிச்சைக்குப் பிறகு மீண்டும் தலைதூக்கும்போது மருத்துவர்கள் பரிந்துரைக்கும் இலக்கு மருந்துகளில் பரவலாக அறியப்பட்டது பெவாசிசுமாப். அவாஸ்டின் என்பது அதன் வணிகப் பெயர். என் அண்ணனுக்கு இது செலுத்தப்பட்ட காலத்தில் உடனிருந்தவன் என்ற முறையில், ஆய்வு முடிவுகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

புதிய ரத்தக் குழாய்களை வளர்த்துக்கொள்வதற்காகக் கட்டி சுரக்கும் விஇஜிஎஃப் என்ற புரதத்தை இந்த மருந்து பிடித்து முடக்குகிறது. அந்தப் புரதம்தான் குழாய்களைக் கசியவும் வைக்கிறது என்பதால், அது அடங்கியதும் மூளையின் வீக்கம் வடியத் தொடங்குகிறது. இதன் உண்மையான பலம் இங்கேதான் இருக்கிறது. அண்ணனுக்குத் தலைவலி தணிந்தது, பேச்சில் இருந்த தடுமாற்றம் குறைந்தது; எல்லாவற்றையும்விட, முகத்தை ஊதவைத்து, தொடைகளின் வலுவைத் தின்று, தூக்கத்தையும் கெடுத்துக்கொண்டிருந்த டெக்ஸாமெத்தசோன் என்ற, வீக்கத்தைக் குறைக்கும் ஸ்டீராய்டு மாத்திரையின் அளவைப் படிப்படியாகக் குறைக்க முடிந்தது.

ஆனால் அடுத்த எம்ஆர்ஐ படத்தைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. கட்டியைச் சுற்றி வெள்ளை வளையமாகத் தெரிவது, படம் எடுக்கும்போது ரத்தத்தில் ஏற்றப்பட்டு, கசியும் குழாய்களின் வழியே வெளியேறும் சாயம். கசிவு நின்றால், கட்டி அப்படியே இருந்தாலும் வளையம் மங்கிவிடும். இதனால்தான் மூளைக் கட்டி சிகிச்சைக்கு எப்படிப் பதிலளிக்கிறது என்பதை மதிப்பிட உதவும் 2010ஆம் ஆண்டின் ரானோ அளவுகோல், சாயம் ஏறாத பகுதிகளையும் ஃப்ளேர் என்ற வகை எம்ஆர்ஐ படங்களில் பார்க்கச் சொல்கிறது.

ஆயுளைப் பொறுத்தவரை எண்கள் கறாராகவே பேசுகின்றன. கட்டி திரும்பியவர்களிடம் நடத்தப்பட்டு 2017இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், லோமஸ்டின் என்ற கீமோதெரபி மருந்துடன் இதைச் சேர்த்தபோது நோய் முற்றாமல் இருந்த காலத்தின் இடைநிலை அளவு (மீடியன்) 1.5 மாதத்திலிருந்து 4.2 மாதமாக உயர்ந்தது. உயிர்வாழ்ந்த காலமோ 8.6 மாதத்துக்கு 9.1 மாதம் என்ற அளவில், புள்ளியியல்படி வேறுபாடு இல்லை என்றே முடிந்தது. புதிதாக நோய் கண்டறியப்பட்டவர்களிடம் நடந்து 2014இல் வெளியான இரு பெரிய ஆய்வுகளும் ஆயுள் நீண்டதாகக் காட்டவில்லை. அமெரிக்கா இந்த நோய்க்கு 2009இல் அனுமதி அளித்ததும், அதே ஆண்டில் ஐரோப்பிய மருந்து முகமையின் குழு மறுத்ததும் இந்தப் பின்னணியில் எனக்கு வியப்பாகத் தெரியவில்லை.

செலுத்தும் முறை எளிது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, உடல் எடையில் கிலோவுக்கு 10 மில்லிகிராம் என்ற கணக்கில் ரத்த நாளம் வழியாக ஏற்றுகிறார்கள். முதல் முறை 90 நிமிடம் ஆகும், உடல் ஏற்றுக்கொண்டால் பிறகு அது 30 நிமிடமாகக் குறையும். ரத்த அழுத்தத்தையும் சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் தொடர்ந்து பார்த்துவர வேண்டும், இதில் சோம்பல் கூடாது. ரத்தக் கட்டு, ரத்தக் கசிவு, அரிதாகக் குடலில் துளை விழுதல் ஆகிய அபாயங்களும் உண்டு.

பிஆர்ஏஎஃப் வி600இ மரபணு மாற்றம் உள்ள கட்டிகளுக்கு டப்ராஃபெனிப், டிராமெட்டினிப் என்ற கூட்டு மருந்து இருக்கிறது. ஆகவே திசுப் பரிசோதனை அறிக்கையில் அந்த விவரம் இல்லையென்றால் முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள். வீக்கத்தால் அவதிப்படுகிறவருக்கு பெவாசிசுமாப்பைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். வீக்கமோ அறிகுறிகளோ இல்லாதவருக்கு அவசரப்பட்டுத் தொடங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. புண் ஆறுவதை இது தாமதப்படுத்துவதால், திட்டமிட்ட அறுவைக்கு முன் குறைந்தது 28 நாள் நிறுத்த வேண்டியிருக்கும். மறு அறுவைக்கு வாய்ப்புண்டா என்பதை முதல் ஊசிக்கு முன்பே அறுவை மருத்துவரிடம் கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.